படத்தில் இருப்பவரும் நானும் ஒருவரே

விசாவுக்கு வேண்டிய புகைப்படம் முப்பத்தைந்து மில்லிமீட்டர் அகலமும் நாற்பத்தைந்து மில்லிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும். பின்னணி வெளிர் நிறமாக இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். கண் திறந்திருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், சிரிக்கக் கூடாது. இவ்வளவும் அந்தத் தாளில் தெளிவாக எழுதியிருந்தது. படம் எடுத்த பிறகு தலையை அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று மட்டும் எழுதவில்லை. எழுதியிருந்தால் எனக்கு இதை எழுதும் வேலை வந்திருக்காது.

நான் செங்கல்பட்டில் ஓர் அலுவலகத்தில் மனு வாங்கும் நாற்காலியில் முப்பத்திரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தவன். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். தெரிந்தவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். என் வேலை இவ்வளவுதான்: வருகிறவர் நீட்டும் காகிதக் கட்டைப் புரட்டி, அதில் இல்லாத ஒரு காகிதத்தைக் கண்டுபிடித்து, அதைக் கொண்டுவரச் சொல்லி அனுப்புவது. இதில் எனக்குக் கைராசி உண்டு. பதினெட்டுக் காகிதம் கொண்டுவந்தவரையும் பத்தொன்பதாவதுக்காகத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆகவே ஜெர்மனி விசாவுக்கான பட்டியலைக் கையில் வாங்கியபோது எனக்குப் பயம் வரவில்லை. தொழில்காரன் இன்னொரு தொழில்காரனின் கைவேலையைப் பார்க்கிற மரியாதைதான் வந்தது. பாஸ்போர்ட், பழைய பாஸ்போர்ட், மூன்று மாத வங்கி அறிக்கை, ஓய்வூதியச் சான்று, பயணக் காப்பீடு, போகவரப் பயணச்சீட்டு, அழைப்புக் கடிதம், தங்குமிடச் சான்று, திருமணப் பதிவுச் சான்று. எவனோ நன்றாக உட்கார்ந்து யோசித்திருக்கிறான் என்று மனைவியிடம் சொன்னேன். அவள், "உங்க பங்காளியா இருப்பான்" என்றாள். 

எங்கள் வீடு மாமல்லபுரத்தில், கடற்கரைக்குப் போகிற தெருவை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறது. அந்த நாட்டுக்காரர்கள் அரைக்கால் சட்டையோடு எங்கள் வாசலைத் தாண்டிப் போவதை நாற்பது வருஷமாகப் பார்க்கிறேன். வெயிலில் சிவந்துபோய், கையில் இளநீரோடு, ஏதோ அவர்கள் பாட்டி வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி நடப்பார்கள். அவர்களும் எங்கோ வரிசையில் நின்று, வாயை மூடிப் படம் எடுத்து, விசா வாங்கித்தான் வந்திருப்பார்கள் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. நம் வாசலுக்கு வருகிறவன் சும்மா வருகிறான், நாம்தான் கஷ்டப்பட்டுப் போகிறோம் என்கிற நினைப்பு எல்லாருக்கும் இருக்கும்போல.

போக வேண்டிய காரணம் மகள். அங்கே படிக்கப் போனாள், வேலை கிடைத்தது, கூட வேலை பார்க்கும் அந்த ஊர்ப் பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். அதன்பிறகு எங்கள் வீட்டில் ஒரு வருஷம் நடந்த பேச்சை எழுதினால் அது தனிப் புத்தகம். கடைசியில் எல்லாரும் களைத்துப்போய்ச் சம்மதித்தோம். அங்கே கல்யாணம் நகர மன்றத்தில் நடக்கும். மண்டபம் மாதிரி நாமாக நாள் பார்த்துப் பிடிக்க முடியாது. அவர்கள் கொடுத்த நாள்தான். ஒரு வெள்ளிக்கிழமை, பகல் பதினோரு மணி. விட்டால் அடுத்த இடம் எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. "நீங்க வரலேன்னா நான் தனியா நின்னு கையெழுத்து போடணும்பா" என்று மகள் ஒரே ஒரு முறைதான் சொன்னாள். அதை அவள் இரண்டாம் முறை சொல்லியிருந்தால் நான் ஏதாவது தமாஷ் பண்ணித் தப்பித்திருப்பேன்.

செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடை. ஜெராக்ஸ், பாஸ்போர்ட் படம், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் ஒரே பெண்தான். நாற்பது வயதிருக்கும். வாய்க்குப் பஞ்சமில்லை. அவளிடம்தான் படிவம் நிரப்பினோம், படமும் எடுத்தோம்.

"சார், சிரிக்காதீங்க."

"நான் எங்கம்மா சிரிக்கிறேன்? என் மூஞ்சே அப்பிடி."

"அப்போ வேற மூஞ்சி வெய்யுங்க. இத அனுப்சா திருப்பி அட்சிடுவான்."

எட்டாவது முறையும் உதட்டோரம் ஏறிக்கொண்டது. "யாரோ தவறிட்டாங்கன்னு நெனச்சிக்கங்க சார்" என்றாள். நான் நினைத்துப் பார்த்தேன். யார் நினைவுக்கு வந்தார்களோ, இன்னும் சிரிப்பு வந்தது. மனைவி பின்னாலிருந்து, "எங்க அண்ணன் ஒரு வாரம் தங்கறதுக்கு வந்துகினு கீறார்னு சொல்லும்மா, தானா அடங்கிடுவாரு" என்றாள். அடங்கினேன். அந்த நொடியில் எடுத்த படம்தான் விண்ணப்பத்தில் ஒட்டியது.

அந்தப் படத்தைப் பற்றி இரண்டு வரி சொல்ல வேண்டும். என்னிடம் பெருமைப்பட இருந்தவை இரண்டே பொருள்கள்: தலைமுடி, மீசை. ஓய்வு பெற்றவர்களில் என் வயதுக்காரர்கள் பலருக்கு நெற்றி பிடரி வரைக்கும் போய்விட்டது. எனக்கு ஒரு முடி உதிரவில்லை. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை டை அடித்துக்கொள்வேன். மீசைக்கும் சேர்த்துத்தான். படத்தில் என்னைப் பார்த்தால் ஐம்பது வயது சொல்லலாம். கண்ணாடி போடாதவர்கள் நாற்பத்தைந்தும் சொல்வார்கள்.

கடைக்காரப் பெண் அச்சடித்துக் கொடுத்த விண்ணப்பத்தை மனைவி வாங்கி, கைப்பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து, நான் பார்க்கும் முன்பே நாலு மூலையிலும் மஞ்சள் தடவிவிட்டாள்.

"அக்கா! இது இன்னா கல்யாணப் பத்திரிகையா?"

"கல்யாணத்துக்குதான போறோம்?"

"அவனுக்கு மஞ்ச தெரியுமா, குங்குமம் தெரியுமா? கறை பட்ட பேப்பர்னு தூக்கிப் போட்ருவான்."

மறுபடி அச்சடித்தாள். கட்டை என்னிடம் கொடுக்கும்போது, மகள் கையெழுத்துப் போட்டு அஞ்சலில் அனுப்பியிருந்த அழைப்புக் கடிதத்தை மட்டும் தனியாகத் தட்டிக் காட்டினாள். "சார், இந்த ஒரிஜினல் பத்திரம். விசா வந்துட்சின்னு வூட்ல வெச்சிட்டுப் போயிடாதீங்க. அங்க எறங்கும்போதும் கேப்பான்." எனக்கா சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். முப்பத்திரண்டு வருஷம் ஒரிஜினல் கேட்டே வாழ்ந்தவனிடம்.

சென்னையில் விசா மையத்தில் விரல்களைக் கண்ணாடிமேல் வைக்கச் சொன்னார்கள்; வைத்தோம். எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி என் தொடையில் கிள்ளி, தானே பதில் சொல்லிவிட்டாள். திரும்பும்போது பஸ் கேளம்பாக்கம் தாண்டித் திருப்போரூர் வந்ததும், "எறங்குங்க, ஒரு எட்டு முருகனப் பாத்துட்டுப் போலாம்" என்றாள். அவள் உள்ளே போனாள். நான் வெளியே செருப்புக்குக் காவலாக நின்று மசால் வடை தின்றேன். அரை மணி நேரம் ஆயிற்று. உள்ளே என் தலையைப் பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது என்று வடைக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பயணத்துக்குப் பத்து நாள் முன்பு கூரியரில் இரண்டு பாஸ்போர்ட்டும் வந்தன. இரண்டிலும் விசா. மனைவி சோறு போட்டு, குழம்பு ஊற்றி, அப்பளமும் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். கேட்காமலே அப்பளம் வந்தால் ஏதோ விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

"ஏங்க, ஒண்ணு சொல்லுவேன், கோவப்படக் கூடாது."

"சொல்லு."

"ரெண்டு பேருக்கும் விசா வந்தா முடி குடுக்கறேன்னு வேண்டிக்கினேன்."

"நல்லதுதானே. பாவம், உனக்குத்தான் கஷ்டம்."

"எம்முடி இல்லீங்க. உங்க முடி."

அப்பளம் கையிலேயே நின்றது. "என் முடிய நீ எப்பிடித் தருவ?"

"பொம்பள மொட்டைத் தலையோட பொண்ணு கல்யாணத்துல நின்னா நல்லா இருக்குமா?"

"நான் நின்னா நல்லா இருக்குமா?"

"ஆம்பளைக்கு இன்னா, மொளச்சிடும்."

"சரி, போயிட்டு வந்து குடுத்துடறேன். முருகன் எங்கயும் போயிட மாட்டாரு."

"ஏரோப்ளேன் ஏர்றதுக்கு முன்னாடின்னு சொல்லிட்டேன்."

"யாராவது சாமிகிட்ட தேதி போட்டு வேண்டுவாங்களா?"

"நீங்கதான் சொல்லுவீங்களே, தேதி போடாத மனு செல்லாதுன்னு."

என் தொழிலை இவ்வளவு கவனமாகக் கற்றுக்கொண்ட ஒரே மாணவி அவள்தான். நான் அப்பளத்தைச் சாப்பிட்டேன்.

இந்த இடத்தில் எனக்கு நியாயமாக ஒரு யோசனை வந்திருக்க வேண்டும்: விசாவில் இருக்கிற முகம் வேறு, இறங்கப்போகிற முகம் வேறு என்று. வரவில்லை. வந்தது வருத்தம் மட்டும். அதுவும் டை பாட்டில் போன வாரம்தான் புதிதாக வாங்கினோமே என்று.

விமானம் செவ்வாய்க்கிழமை. ஞாயிறு காலை திருப்போரூர் போனோம். மனைவி பாஸ்போர்ட்டையும் மற்ற காகிதங்களையும் சாமி காலடியில் வைத்து எடுக்கப்போவதாகச் சொல்லி, எல்லாவற்றையும் கைப்பையில் திணித்துக்கொண்டாள். மொட்டை அடிக்கிற இடத்தில் சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். என் முறை வந்தது. தண்ணீர் தெளித்துத் தேய்த்தவர் கையில் கறுப்பாக ஒட்டியது. கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அண்ணாத்த, நேத்துதான் அட்சீங்களா?"

"சாமிக்குக் குடுக்கறத நல்லதா குடுக்கலாம்னுதான்."

அவர் சிரித்தார். அதுதான் நான் செய்த தப்பு. எதிராளி சிரித்துவிட்டால் எனக்குப் பிரேக் பிடிக்காது. தலை முடிந்தது. கத்தியைத் துடைத்துக்கொண்டு, "மீசை?" என்றார்.

"கூட இருந்தவங்க எல்லாம் போய்ட்டாங்க, இது மட்டும் தனியா இருந்து இன்னா பண்ணப் போவுது? இதையும் இட்டுக்கினு போவச் சொல்லு" என்றேன்.

ஒரே இழுப்பு. வலது பாதி இல்லை.

"யோவ்! தமாசுக்குச் சொன்னேன்யா!"

"சாமி வேலைல தமாசு இன்னா அண்ணாத்த? நானு நெசம்னு நெனச்சிக்கினேன்." கண்ணாடியை எடுத்துக் காட்டினார். "பாதி கீது. வெக்கட்டா, எடுக்கட்டா?"

எடுக்கச் சொன்னேன். தலையில் சந்தனம் பூசிக்கொண்டு வெளியே வந்தேன். மனைவி சாமி கும்பிட்டுவிட்டு வந்து, என்னைத் தாண்டி இரண்டு அடி நடந்து, திரும்பிப் பார்த்தாள். "மீசைய நான் கேக்கவே இல்லியே?" என்றாள். "போனஸ்" என்றேன்.

தலையும் மீசையும் சேர்ந்து போவது எங்கள் பக்கத்தில் எதற்கு என்று எல்லாருக்கும் தெரியும். தெருமுனையில் கல் சிலைக்கடை வைத்திருப்பவர், கையிலிருந்த உளியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்ப ஆச்சி? ஒரு வார்த்த சொல்லலியே?" என்றார். வேண்டுதல் என்றேன். அவர் முகத்தில் லேசான ஏமாற்றம். "நான் மாலைக்கு ஆள் அனுப்பிட்டனே" என்றார். படம் எடுக்கும்போது சிரிப்பை அடக்க யாராவது தவறியதாக நினைக்கச் சொன்ன கடைக்காரப் பெண் ஞாபகத்துக்கு வந்தாள். யார் தவறினார் என்று அன்றைக்குத் தெரியவில்லை. நான்தான்போல.

காப்பீட்டுத் தாளை அச்செடுக்க மறுநாள் காலை அவள் கடைக்குப் போனேன்.

"இன்னா வேணும் பெரியவரே?"

அதுவரை என்னை யாரும் பெரியவரே என்று அழைத்ததில்லை. "நான்தாம்மா. ஜெர்மனி."

அவள் என் பாஸ்போர்ட்டை வாங்கி விசா ஒட்டிய பக்கத்தைத் திறந்து, என் முகத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். அதற்குள் தலையில் முள் முள்ளாக வெள்ளை கிளம்பியிருந்தது.

"சார், தப்பா நெனச்சிக்காதீங்க. இந்த ஆளுக்கு நீங்க அப்பா மாதிரி கீறீங்க."

"உள்ள வுடுவான்ல?"

"நானா இருந்தா வுட மாட்டேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாளைக்கு விமானம். புதிதாக விண்ணப்பிக்க நேரமில்லை. மீசை வளர்க்கவும் நேரமில்லை. இறங்கும் இடத்தில் ஒருவன் இந்தப் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து அடுத்த விமானத்தில் திருப்பி ஏற்றினால், வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு மகள் தனியாகக் கையெழுத்துப் போடுவாள். போதாததற்கு ஒரு பழைய ஞாபகமும் வந்தது. தாடி வைத்த படத்தோடு தாடி இல்லாமல் வந்த ஒருவரை நான் மூன்று முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன். மூன்றாம் முறை அவர் தாடி வளர்த்துக்கொண்டே வந்தார். அதற்குள் வேறொரு காகிதத்தின் தேதி முடிந்துவிட்டது. அன்றைக்கு அலுவலகமே அதைச் சொல்லிச் சிரித்தது. அதிகமாகச் சிரித்தது நான்.

காகிதத்தில் வந்த கஷ்டத்தைக் காகிதத்தால்தான் தீர்க்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அது. மனைவியை அழைத்துக்கொண்டு கோர்ட் பக்கம் ஒரு நோட்டரியிடம் போனேன். மரத்தடியில் மேசை, மேசைமேல் முத்திரைகள், நடுவில் அவர்.

"பேரு மாறினா அஃபிடவிட் போட்டுக் குடுத்திருக்கேன். வூட்டு நம்பர் மாறினா குடுத்திருக்கேன். தல மாறினதுக்கு இதான் மொதல் தடவ" என்றார். "எந்த ஆபீசுல கேட்டாங்க?"

"இன்னும் யாரும் கேக்கல."

"கேக்காமயேவா?"

"கேட்டா?"

அவர் பேனாவை மூடிவைத்து என்னைப் பார்த்தார். "சார் கவர்மென்ட்டு ஆபீசுல இருந்தீங்களா?"

"ஆமா."

"அதான" என்று சொல்லிவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

முத்திரைத்தாளில் ஆங்கிலத்தில் அடித்தார்கள். இன்னார் மகனாகிய நான் உறுதிமொழிந்து கூறுவதாவது: இத்துடன் இணைத்துள்ள முதல் படத்தில் கறுத்த முடியுடனும் மீசையுடனும் காணப்படுபவரும், இரண்டாம் படத்தில் அவை இல்லாமல் காணப்படுபவரும் ஒருவரே, மேற்படி முடியும் மீசையும் முருகக் கடவுளுக்கு நேர்ந்துகொண்டபடி சுய விருப்பத்தின்பேரில் காணிக்கையாக அளிக்கப்பட்டன. அந்த இடத்தில் நிறுத்தச் சொன்னேன்.

"சார், அந்தச் 'சுய விருப்பம்' வேணுமா?"

"எடுத்துட்டா பலவந்தமா மொட்டை அட்சாங்கன்னு ஆயிடும். போலீசு கேசு" என்றார். மனைவி மரத்தில் ஏதோ குருவி தேடிக்கொண்டிருந்தாள். சுய விருப்பம் அப்படியே இருந்தது. கோயிலில் கொடுத்த முடிகாணிக்கைச் சீட்டையும் பின்னால் சேர்த்து, அதற்கும் ஆங்கிலத்தில் ஒரு மொழிபெயர்ப்பு போட்டு, எல்லாப் பக்கத்திலும் முத்திரை குத்தி வாங்கினேன். கோப்பில் அதை முதல் தாளாக வைத்தேன். அன்று முழுக்க அந்தக் கோப்பைத் திறப்பதும் முதல் தாளைப் படிப்பதும் மூடுவதுமாக இருந்தேன். இரண்டாம் தாளுக்குக் கீழே நான் போகவே இல்லை.

மகளிடம் இதைச் சொல்லவில்லை. அவள் வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் மனைவி கைப்பேசியைத் தன் முகத்துக்கு நேராகவே வைத்துக்கொண்டு, "அப்பா குளிக்கறாரு" என்றாள். இரண்டு நாளில் ஐந்து முறை குளித்தேன். "என்னம்மா, அப்பாவுக்கு உடம்பு ஏதாவது சரியில்லயா?" என்று மகள் கேட்டாள். "ஊருக்கு வரணும்ல, அழுக்குப் போவக் குளிக்கறாரு" என்றாள் மனைவி. பொய் சொல்வதில் அவள் என்னைவிட ஒரு படி மேல்.

சென்னை விமான நிலையத்தில் குடியேற்றப் பிரிவு அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்தார், தலையைப் பார்த்தார். நான் கோப்பை இறுகப் பிடித்தேன்.

"திருப்பதியா சார்?"

"திருப்போரூர்."

முத்திரை குத்தி அனுப்பிவிட்டார். நம் ஊர்க்காரருக்கு அஃபிடவிட் எல்லாம் வேண்டியதில்லை. அவர் வீட்டிலும் யாராவது யார் தலையையாவது நேர்ந்திருப்பார்கள்.

அங்கே இறங்கி வரிசையில் நின்றோம். கண்ணாடிக் கூண்டுக்குள் ஓர் இளம் அதிகாரி. எங்கள் இருவரையும் சேர்த்தே முன்னால் கூப்பிட்டார். பாஸ்போர்ட்டை விரித்து வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். குளிருக்குப் போட்டிருந்த குல்லாயைக் கழற்றச் சொல்லிச் சைகை காட்டினார். கழற்றினேன். அவர் படத்தைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். நான் அவர் கேட்கும்வரை காத்திருந்திருக்கலாம். கேட்பதற்கு முன்பே கொடுக்கத்தானே தயார் செய்து வந்தது. கோப்பைத் திறந்து முதல் தாளைத் துளை வழியாக நீட்டினேன்.

அவர் படித்தார். பொறுமையாக, முத்திரை முதல் முத்திரை வரை, முடிகாணிக்கைச் சீட்டின் மொழிபெயர்ப்பு உட்பட. எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டது.

"ஏன் முடியை எடுத்தீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"விசா கிடைத்ததற்காக" என்றேன்.

அவர் புருவம் சுருங்கியது. "விசாவுக்கு முடி எடுக்க வேண்டும் என்று உங்களிடம் யார் சொன்னது?"

மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். "அது உங்கள் விதி இல்லை சார். எங்கள் வீட்டு விதி."

அவர் சிரிக்கவில்லை. விசாப் படம் எடுக்க அவர்தான் சரியான ஆள். விரல்களைக் கண்ணாடிமேல் வைக்கச் சொன்னார். வைத்தேன். சின்னதாக ஒரு பச்சை விளக்கு எரிந்தது. அவ்வளவுதான். சென்னையில் எடுத்த ரேகையும் இந்த ரேகையும் ஒன்று என்று இயந்திரம் சொல்லிவிட்டது. விரல் நுனியில் முடி வளர்வதில்லை என்ற சின்ன விஷயம் எனக்கும் தோன்றவில்லை, நோட்டரிக்கும் தோன்றவில்லை. அதிகாரி அஃபிடவிட்டை மடிக்காமல் திருப்பித் தந்துவிட்டு, "எதற்காக வந்திருக்கிறீர்கள்?" என்றார்.

"மகள் கல்யாணம். வெள்ளிக்கிழமை."

"அழைப்புக் கடிதம்?"

கோப்பைப் புரட்டினேன். காப்பீடு இருந்தது. பயணச்சீட்டு இருந்தது. வங்கி அறிக்கை, ஓய்வூதியச் சான்று, மேலும் அஃபிடவிட்டின் இரண்டு நகல். மறுபடி முதலிலிருந்து புரட்டினேன். கடிதம் இல்லை. ஒரு காகிதம் குறைகிறது. எதிரே இருந்தவர் முகத்தில் நான் அப்போது பார்த்ததை விவரிக்கத் தேவையில்லை. முப்பத்திரண்டு வருஷம் அந்த முகத்தை நானே போட்டிருந்தேன். கோபமில்லை, அவசரமில்லை. ஒரு சின்ன நிம்மதி: இல்லாத காகிதம் கிடைத்துவிட்டது.

"கடுதாசி எங்கடி?" என்றேன்.

"எந்தக் கடுதாசி?"

"பொண்ணு அனுப்சது. கல்யாணத்துக்குக் கூப்ட்டு."

"அதுவா? எங்கிட்டதான் கீது." கைப்பையைத் திறந்தாள். விபூதிப் பொட்டலம், டப்பா, சீப்பு எல்லாவற்றையும் மேடைமேல் எடுத்து வைத்தாள். எல்லாவற்றுக்கும் அடியில், திருப்போரூரில் சாமி காலடியில் வைத்து எடுத்த அழைப்புக் கடிதம், நாலாக மடித்தபடி. பாஸ்போர்ட்டையும் மற்றக் காகிதங்களையும் என்னிடம் திருப்பிக் கொடுத்தவள், இதை மட்டும் பையிலேயே விட்டிருக்கிறாள். நானும் முதல் தாளிலேயே குடியிருந்ததால் கவனிக்கவில்லை. 

அதிகாரி கடிதத்தைப் பிரித்தார். நாலு மூலையிலும் மஞ்சள். நடுவில் கொஞ்சம் குங்குமம். ஒரு மூலையை விரலால் தொட்டு, விரலைப் பார்த்தார்.

"இது என்ன?"

நான் பேச வாயெடுத்தேன். மனைவி என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். தனக்குத் தெரிந்த இங்கிலீஷை எல்லாம் திரட்டி, "வெட்டிங், சார். குட் வெட்டிங்" என்றாள்.

அவர் கடிதத்தைப் படித்தார். நகர மன்றத்தின் பெயரையும் நாளையும் கணினியில் தட்டிப் பார்த்தார். பிறகு இரண்டு பாஸ்போர்ட்டிலும் முத்திரை விழுந்தது. விரலில் ஒட்டியிருந்த மஞ்சளை அவர் துடைக்கவில்லை, மறந்திருப்பார்.

பெட்டிகளை வண்டியில் அடுக்கித் தள்ளிக்கொண்டு வெளியே வந்தோம். மனைவி முன்னால், நான் பெட்டிகளுக்குப் பின்னால். கம்பிக்கு அந்தப் பக்கம் மகள் பூங்கொத்தோடு நின்றிருந்தாள். பக்கத்தில் மாப்பிள்ளை, கைகூப்பக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். அவள் ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அம்மாவின் தோளுக்கு மேல் என்னைப் பார்த்தாள். அப்படியே என்னைத் தாண்டிக் கதவைப் பார்த்தாள். கதவு ஒருமுறை திறந்து மூடியது. யாரோ ஒரு குடும்பம் வந்தது.

"அம்மா, அப்பா எங்க?"

மனைவி என்னைப் பார்த்தாள். இந்த ஒரு கேள்வியை எனக்கென்று விட்டுவிட்டாள்போல.

"உள்ள புடிச்சி வெச்சிட்டாங்களா? ஏம்மா பேச மாட்டேங்கிற? அப்பா எங்க?"

நான் மூன்றடி தூரத்தில் நின்றிருந்தேன். எதற்கும் ஒரு தமாஷ் கைவசம் வைத்திருப்பவன். அவள் குரல் நடுங்கியதைக் கேட்டதும் ஒன்றுகூட வரவில்லை. கோப்பைத் திறந்து முதல் தாளை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

யாரோ வயசானவர் வழி கேட்கிறார் என்று நினைத்துத்தான் வாங்கினாள். படிக்க ஆரம்பித்தாள். முதல் படம், இரண்டாம் படம், சுய விருப்பம் வரைக்கும் வந்திருப்பாள். தாள் அவள் முகத்தை மறைத்திருந்தது, தோள் மட்டும் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. மாப்பிள்ளைக்கும் தெரியவில்லை, கூப்பிய கையை இறக்காமலே நின்றார். பிறகு அவள் என் தலையில் கைவைத்துத் தடவி, "ஐயோ, குத்துதுப்பா" என்றாள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு நாங்கள் இரண்டு பேரும் முதல் வரிசையில் இருந்தோம். கையெழுத்துப் போட்டது பத்து நிமிஷ வேலை. படம் எடுத்தவர் வாயை மூடச் சொல்லவில்லை. எல்லாப் படத்திலும் பல் தெரிகிறது. ஊர் திரும்பும்போது அந்த அஃபிடவிட்டை மகளிடம் திருப்பிக் கேட்டேன். தன் கல்யாணச் சான்றிதழோடு சேர்த்து வைத்திருந்தாள். தர மாட்டேன் என்றாள்.

"போற வழியில யாராவது கேட்டா?" என்றேன்.

"ஒரிஜினல் அவகிட்ட இருக்கட்டும். உங்களுக்கு ஜெராக்ஸ் போதும்" என்றாள் மனைவி.